ஒரே வீட்டில் இரண்டு நோன்பு

போன் பண்ணாமல் போகக் கூடாது என்று தம்பி கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். அதனாலேயே கொன்ஸ்ரன்ஸ் அன்று போன் பண்ணவில்லை.

கொட்டாஞ்சேனை வேதக்கோயிலில் காலைப் பூசை முடிந்து, சனம் வாசலில் நின்று ஊர்க்கதை பேசத் தொடங்கியபோதே அவள் நழுவிவிட்டாள். கையில் ஒரு கூடை. உள்ளே இடியப்பம், சொதி, மீன் கட்லட். திரீவீல்காரனிடம் "வெள்ளவத்தை, மல்லி, இக்மனட்ட" என்று சிங்களத்தில் அவசரப்படுத்தினாள். ஞாயிற்றுக்கிழமைக் காலை காலி வீதியில் அவசரப்பட என்ன இருக்கிறது என்று அவன் கண்ணாடியில் அவளை ஒரு பார்வை பார்த்தான்.

நடுவில் ஒரு கிழமையைத் தவறவிட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கொன்ஸ்ரன்ஸின் அப்பா ஹியூபேட் துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டியவர். அவ்வளவு உயரத்தில் ஏறி இறங்கிய மனிதரை நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கிழமை குளியலறைச் சோப்புத் தண்ணீர் சாய்த்துவிட்டது. இடுப்பெலும்பு முறிவு. களுபோவில ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் மகள் இருப்பதோ மேல்மாடியில். ஏணிக்குத் தங்கச்சி மாதிரி ஒரு மரப்படி அதற்கு. மகன் ஸ்ரான்லியின் ஹெவ்லொக் டவுன் வீட்டில் லிஃப்ட் இருக்கிறது, பகலில் ஆள் இல்லை. அதனால் வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கும் 'மாலைத்தென்றல்' என்ற முதியோர் இல்லத்தைத் தேடிப் பிடித்தவன் ஸ்ரான்லி. தலையாட்டியவள் கொன்ஸ்ரன்ஸ். "கொஞ்ச மாசம்தான் பப்பா, நடக்கத் தொடங்கினதும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று அவள்தான் வாக்குக் கொடுத்தாள்.

பிறகு அவள் சொல்லாமல் கொள்ளாமல் அடிக்கடி அங்கே போய் நின்றதும், இல்லத்தார் ஸ்ரான்லியிடம் முறையிட்டதும், அக்காவும் தம்பியும் வாய்த்தர்க்கப்பட்டதும் போன கிழமைக் கதை. ஸ்ரான்லி கோயில் பங்குச் சபையில் இருக்கிறவன், கெட்டிக்காரன், நல்லவனும்கூட. தான் தேடிப் பிடித்த இடத்தை ஒருவர் குறை சொன்னால் மட்டும் தாங்கமாட்டான்.

இல்லத்தின் கேட்டைத் திறந்தவன் பிரதீப். அங்கே ஆண்களைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான். வாட்டசாட்டமான ஆள், பேச்சுக் குறைவு.

"மிஸ்ஸுக்குச் சொல்லிட்டா வந்தீங்க?"

"என்ர அப்பாவைப் பார்க்க நான் யாருக்குச் சொல்லோணும்?" என்று கேட்டுக்கொண்டே அவள் படியேறிவிட்டாள்.

மேல்மாடியில் நீளமான நடை. இரண்டு பக்கமும் கதவுகள், எல்லாம் சாத்தியிருந்தன. இத்தனை மனிதர்கள் இருக்கிற இடத்தில் ஓர் இருமல் சத்தம்கூட இல்லாதது அவளுக்கு என்னவோ போலிருந்தது. கீழே கடலோர ரயில் கடகடவென்று போனது. அது போன பிறகு அந்த அமைதி இன்னும் கனத்தது.

அப்பாவின் அறைக் கதவைத் தள்ளினாள். கட்டிலில் சுவரோடு ஒட்டிக் கிடந்தார் ஹியூபேட். நெற்றியில் சாம்பல்.

திருநீற்றுப் புதனன்று இல்லத்துக்குச் சாமியாரைக் கூட்டிவந்து அப்பாவுக்குச் சாம்பல் பூசுவித்தவன் ஸ்ரான்லி. அந்தப் படத்தைக் குடும்ப வட்ஸ்அப்பிலும் போட்டிருந்தான், கீழே கைகூப்பும் பொம்மையோடு. இன்றைக்கு ஞாயிறு. அந்தச் சிலுவை இன்னமும் கலையாமல் நெற்றிச் சுருக்கங்களுக்குள் கறுத்து நின்றது.

"ஐயோ என்ர பப்பா, இன்னும் அழியாம வைச்சிருக்கிறீங்களா?" என்று அவள் உருகிப்போனாள். அந்த உருக்கத்தில் கைத்தொலைபேசியையும் வெளியே எடுத்துவிட்டாள், மகள் டில்ஷானிக்குப் படம் எடுத்து அனுப்பலாம் என்று. பக்தியுள்ள குடும்பங்களுக்கென்றே உள்ள குருட்டுத்தனம் இது. வெளுத்ததெல்லாம் பால், நெற்றியில் கறுத்ததெல்லாம் விசுவாசம்.

முத்தம் கொடுக்கக் குனிந்தபோதுதான் வாடை முகத்தில் அடித்தது.

வட்ஸ்அப் படத்தில் போட்டிருந்த அதே கோடு போட்ட சேர்ட். அதே சாரம். கழுத்து மடிப்பில் அழுக்கு திரண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. தண்ணீர்க் குவளை யன்னலோரம், அவர் கை எவ்வளவு நீட்டினாலும் எட்டாத தூரத்தில். சாம்பலை அவர் அழிக்காமல் வைத்திருக்கவில்லை. புதன்கிழமைக்குப் பிறகு அந்த முகத்தை ஒருவரும் கழுவவில்லை.

கொன்ஸ்ரன்ஸுக்கு முதலில் வந்தது வெட்கம். படம் எடுக்கப் பார்த்தேனே என்று தன் கையைத் தானே வெட்டலாம் போலிருந்தது. கோபம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்தது.

துவாயை நனைத்து அப்பாவின் முகத்தைத் துடைத்தாள். நெற்றி, காது மடல், கழுத்து. அவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை அவள் கைக்குள் வைத்துக்கொண்டார். கைகளைத் துடைக்கும்போது சேர்ட்டின் கை விலகியது. மணிக்கட்டைச் சுற்றி நீலமாக ஒரு பட்டை. மற்றக் கையையும் பிடித்துப் பார்த்தாள். அதிலும் அப்படியே.

"இது என்ன பப்பா?"

ஹியூபேட் அவளைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார். அங்கே பிரதீப் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"கட்டில் கம்பியிலே பட்டது மகள்."

"ரெண்டு கையுமா?"

"நான் நல்லா இருக்கிறன். நல்லாப் பார்க்கிறாங்க" என்றார். பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பித்தது போலிருந்தது. கப்பல் கப்பித்தான்களையே தூஷணத்தில் ஏசிய மனிதர் அவர்.

கொன்ஸ்ரன்ஸ் கூடையைத் திறந்து இடியப்பத்தைச் சொதியில் பிசைந்தாள். பிரதீப் உள்ளே ஓர் அடி வைத்தான். "குடுக்க வேணாம். மிஸ்ஸைக் கேக்கோணும்" என்றவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மிஸ்ஸைக் கூப்பிடப் போனான்.

அவன் தலை மறைந்ததும் ஹியூபேட் வாயைத் திறந்தார். அவள் ஊட்டுகிற வேகம் போதாமல் தானே தட்டிலிருந்து அள்ளினார். ஒரு கட்லட்டைத் தலையணைக்குக் கீழே தள்ளினார். "பிறகு" என்றார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

இல்லத்தை நடத்துகிற சாமினி வந்தபோது பவுடர் வாசமும் கூடவே வந்தது. நாற்பது வயதிருக்கும். அழகான பெண். தேனில் குழைத்த குரல், யார் வந்தாலும் உறவுமுறை சொல்லித்தான் பேசுவாள்.

"அன்ரி, ஒரு கோல் பண்ணியிருக்கலாமே. ஐயாவைக் குளிப்பாட்டி ரெடியா வைச்சிருப்பம்."

"அப்ப கோல் பண்ணினால்தான் குளிப்பாட்டுவீங்களா?"

சாமினி சிரித்தாள். தட்டைப் பார்த்ததும் சிரிப்புக் கொஞ்சம் சுருங்கியது. "ஐயாவுக்குச் சாப்பாடு குடுத்திட்டீங்களா? அவர் ஒருசந்தி இருக்கிறார் அன்ரி. தவக்காலம் முழுக்கப் பகலிலே ஒண்டும் வேண்டாமாம். மெலிஞ்சதும் அதாலதான். ஸ்ரான்லி அண்ணனுக்கும் சொன்னனான், அவருக்குச் சரியான சந்தோஷம். மத விஷயத்திலே நாங்க தலையிடுறதில்லை."

கொன்ஸ்ரன்ஸ் ஒரு கணம் அதையும் நம்பத்தான் பார்த்தாள். ஏனென்றால் அது உண்மையாக இருக்கக்கூடிய பொய். தவக்காலம் முழுக்க ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி பிடிப்பது ஹியூபேட்டின் பழக்கம்தான். துறைமுக வெயிலில் வேலை செய்த காலத்திலும் விட்டதில்லை. ஊருக்கே தெரிந்த கதை, ஸ்ரான்லி வாயால் இல்லத்துக்கும் தெரிந்திருக்கும்.

ஆனால் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையில் ஒருசந்தி கிடையாது. தவக்காலத்திலும் ஞாயிறு ஆண்டவருடைய நாள். அன்றைக்கு மதியம் அப்பா வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "ஆறு நாளுக்கும் சேர்த்துப் பிடிச்சிட்டன்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவார். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. சாமினிக்குத் தெரிந்திருக்கவில்லை.

கொன்ஸ்ரன்ஸ் அதைச் சொல்லவில்லை. நாவின் நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். இனிமேல் அவசரப்படக் கூடாது என்று அவளுக்குப் பட்டது. "கொஞ்சம் சுடுதண்ணி எடுத்திட்டு வாறன்" என்று கீழே இறங்கினாள்.

வரவேற்பறைக் கதிரையில் ஒரு பெண் அபாயாவைச் சரிசெய்தபடி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை. அவளை முன்பும் ஒரு தடவை கண்ட ஞாபகம் கொன்ஸ்ரன்ஸுக்கு. அப்பாவின் அடுத்த அறையில் இருக்கும் கைருன்னிஸா என்ற மூதாட்டியின் மகள் பஹ்மியா. வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் அவள் கணவனுக்குப் புடைவைக்கடை.

"ஏன் மேலே போகேல்லையா?" என்று கேட்டாள் கொன்ஸ்ரன்ஸ்.

"விடுறாங்க இல்ல அன்ரி. உம்மா தூங்குறாங்களாம். முந்தாநாத்து வந்தேன், தொழுறாங்கண்டு சொன்னாங்க. நேத்து வந்தேன், நோம்புக் களைப்பாம், எழுப்ப ஏலாதாம்." பஹ்மியா குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு வெளங்குதில்ல. உம்மாவுக்குச் சீனி வருத்தம். நோம்பு புடிக்கவே கூடாண்டு டொக்டர் எப்பவோ சொல்லிட்டார். அதுக்குப் பதிலா நாங்க ஏழைகளுக்குச் சாப்பாடு குடுக்கிறம். இதெல்லாம் இவங்களுக்கு வெளக்கமாச் சொல்லித்தான் உம்மாவ விட்டது."

"அதுக்கு மிஸ் என்ன சொன்னா?"

"உம்மா பிடிவாதமா நோம்பு புடிக்கிறாங்களாம். மத விஷயத்திலே நாங்க தலையிடுறதில்லண்டு சொல்றா."

கொன்ஸ்ரன்ஸ் பக்கத்துக் கதிரையில் மெதுவாக உட்கார்ந்தாள்.

இந்த வருஷம் தவக்காலமும் ரமழானும் ஒன்றாக வந்து பொருந்தியது. கொழும்பில் எத்தனையோ பேர் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். கோயிலிலும் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். ஒரே ஊரில் இரண்டு சமயத்தாரும் சேர்ந்து வயிற்றை ஒறுக்கும் காலம் என்று. இந்த வீட்டில் அந்தப் பொருத்தத்தை வேறு விதமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வேதக்காரருக்கு ஒருசந்தி, முஸ்லிமுக்கு நோன்பு. பகல் சமையலுக்கு விடுமுறை. கேட்கிற பிள்ளைகளும் கேள்வி கேட்கமாட்டார்கள், பெருமைப்படுவார்கள்.

"பஹ்மியா, உம்மாவுக்கு இன்சுலின் ஊசி உண்டா?"

"ஓம். சுபஹுத் தொழுகைக்குப் பொறகு ஒருக்காப் போடணும். போட்ட கையோட சாப்பாடு குடுக்கணும். அத மட்டும் ஒரு நாளும் மறக்கமாட்டோம்ண்டு மிஸ் சொன்னா."

சொல்லி முடிக்கும்போதே பஹ்மியாவின் முகம் மாறியது. கொன்ஸ்ரன்ஸ் ஒன்றும் விளக்கவேண்டியிருக்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

மேல்மாடியில் கைருன்னிஸாவின் கதவு பூட்டியிருந்தது. பஹ்மியா தட்டினாள். "உம்மா! உம்மா, நான்தான்!" பதிலில்லை. சத்தம் கேட்டுச் சாமினி வந்தாள். பின்னால் பிரதீப்.

"சத்தம் போடாதீங்க தங்கச்சி, மற்றவங்க பயப்படுவாங்க. அம்மாவுக்குக் கொஞ்சம் தடிமன். மற்றவங்களுக்குத் தொத்தக் கூடாதெண்டுதான் பூட்டினது. உங்கட அண்ணா ஹபீஸ் சொன்னால் திறக்கிறன். அவர்தானே எங்களுக்குப் பொறுப்பான ஆள்?"

பஹ்மியா நாநா ஹபீஸுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது. நோன்பு நாளில் விடியுமுன் ஸஹர் சாப்பிட எழும்பித் திரும்பப் படுத்தவன் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எந்த மணிக்கு எழும்புவான்? அவள் திரும்பத் திரும்ப எடுத்தாள்.

கொன்ஸ்ரன்ஸ் ஸ்ரான்லிக்கு எடுத்தாள். அவன் பம்பலப்பிட்டியில் தவக்காலத் தியானத்தில் இருந்தான்.

"அக்கா, இப்ப ஏலாது. சாமி கதைச்சுக்கொண்டிருக்கிறார்."

"ஸ்ரான்லி, நீ இப்ப வரேல்லையெண்டா நான் பொலிசுக்குப் போறன். சாமியாரையும் கேட்டுக்கொண்டு வா."

வந்தான். பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் எவ்வளவு தூரம்? கழுத்தில் தியானத்துக்குக் கொடுத்த பெயரட்டை, முகத்தில் எரிச்சல். அக்கா வாயைத் திறப்பதற்கு முன் சாமினி அவனைப் பிடித்துக்கொண்டாள். அன்ரி கவலையில் இருக்கிறா, ஐயாவுக்கும் வரவர மறதி கூடுது, முதியோரைப் பார்க்கிறது லேசான வேலையா அண்ணா, வாயில்லாத எங்களைத்தானே எல்லாரும் பேசுவினம். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிற வித்தை அவளுக்குக் கைவந்தது. ஸ்ரான்லி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான்.

ஐயாவையே கேளுங்கள் என்று சாமினி சொல்ல, எல்லோருமாக ஹியூபேட்டின் அறைக்குள் போனார்கள்.

"பப்பா, இங்க ஏதும் குறையா? என்னட்டச் சொல்லுங்க."

ஹியூபேட்டின் கண் மகனைத் தாண்டிப் பிரதீப்பிடம் போனது. "நல்லா இருக்கிறன். நல்லாப் பார்க்கிறாங்க."

"கேட்டீங்களா அக்கா?" ஸ்ரான்லி அவள் பக்கம் திரும்பினான். "பப்பாவே சொல்றார். நீங்கதான் இல்லாததையெல்லாம் நினைச்சு நினைச்சு..."

கொன்ஸ்ரன்ஸ் மணிக்கட்டைக் காட்டியிருக்கலாம். அழுக்குச் சேர்ட்டைக் காட்டியிருக்கலாம். கம்பியில் பட்டது, தண்ணீர் வரவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வந்திருக்கும். தம்பிக்கு எது உறைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவன் நம்பினால்தான் அடுத்த அறைப் பூட்டும் திறக்கும்.

"மிஸ்," என்றாள் அமைதியாக, "காலமை பப்பா ஏன் சாப்பிடக் கூடாதெண்டு சொன்னீங்க? ஸ்ரான்லிக்கு முன்னால ஒருக்காச் சொல்லுங்க."

"ஒருசந்தி எண்டுதானே அன்ரி. இன்டைக்கும் காலமை, ஒண்டும் வேண்டாமெண்டு அவரே சொன்னவர்."

ஸ்ரான்லி சிரித்த முகத்தோடுதான் அதைக் கேட்டான். பிறகு சிரிப்பு மெதுவாக இறங்கியது. "இன்டைக்கா?" என்றான்.

"ஓம் அண்ணா, இன்டைக்குத்தான்."

"இன்டைக்கு ஞாயிற்றுக்கிழமை மிஸ்."

சாமினிக்கு விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் என்ன என்று பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் ஸ்ரான்லிக்கு எல்லாம் விளங்கியது. புதனிலிருந்து போனில் கேட்டுக் கேட்டுப் பெருமைப்பட்டதும், தியானத்தில் நாலு பேரிடம் சொன்னதும் இந்தப் பொய்யைத்தான். குனிந்து அப்பாவின் சேர்ட் கையை உயர்த்திப் பார்த்தான். மற்றதையும்.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே நில்லுங்க" என்றான். குரல் அவனுடையது மாதிரி இல்லை. கதவைத் தானே சாத்தினான்.

அறைக்குள் பிள்ளைகள் இருவரும், அப்பாவும், கதவோரம் போனைக் காதில் வைத்தபடி பஹ்மியாவும் மட்டும்.

"பப்பா, வாங்க. போவம். என்ர வீட்டை. நான் லீவு போடுறன்."

இதைக் கேட்கத்தானே கொன்ஸ்ரன்ஸ் இவ்வளவு பாடுபட்டாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாரங்களை மடிக்க அலுமாரியைத் திறந்துவிட்டாள்.

"நான் வரேல்ல" என்றார் ஹியூபேட்.

"என்ன பப்பா சொல்றீங்க? பிரதீப்புக்குப் பயமா? அவன் இனி உங்களைத் தொடமாட்டான்" என்றான் ஸ்ரான்லி.

"எனக்கென்ன பயம்?" அவர் சுவரைக் காட்டினார், கட்டிலோடு ஒட்டியிருந்த சுவரை. "அந்தப் பக்கம் அந்த மனுசி இருக்கிறா. ராவிலே தண்ணி கேப்பா. வாய்விட்டுக் கேப்பா பாவம், நிப்பாட்டமாட்டா. சத்தம் போட்டா அவன் போய் அடிப்பான். அதனால அவ கேக்கத் தொடங்கின உடனே நான் இந்தச் சுவரிலே படபடெண்டு அடிப்பன், கத்துவன். அவனுக்கு என்னிலே கோபம் வரும். இங்க வந்து என்னைக் கட்டிப்போட்டிட்டு, களைச்சுப் படுத்திடுவான். அவவை விட்டிடுவான்."

ஹியூபேட் சுவரில் கையை வைத்தார்.

"நான் போயிட்டா, அவவுக்கு ஆர் இருக்கினம்? மூஞ்சி தெரியாது, பேர் தெரியாது. பகலிலே நான் மெல்லத் தட்டினா அவவும் தட்டுவா. இருக்கிறன் எண்டு." அவர் பஹ்மியாவைப் பார்த்தார். அவள் யாரென்று அவருக்குத் தெரியாது. இருந்தும் அவளைப் பார்த்தே சொன்னார். "இன்டைக்குக் காலமை தொடக்கம் தட்டுறன். பதில் இல்லை."

பஹ்மியா போனைக் கீழே போட்டுவிட்டாள்.

நடையில் அவள் ஓடியதும், பூட்டிய கதவில் இரண்டு கையாலும் அடித்ததும், ஸ்ரான்லி சாமினியின் முன்னால் போய் நின்றதும் ஒரே நொடியில் நடந்தன. "திறங்க. இல்லாட்டி உடைப்பன்" என்றான், ஒரு நாளும் ஒரு கதவையும் உடைத்திராத ஸ்ரான்லி. சாமினி தேன் குரலில் ஏதோ சொல்லத் தொடங்கினாள். அவன் கதவுக்குத் தோளைக் கொடுத்தான். சாமினி தலையசைக்க, பிரதீப் திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்தான்.

உள்ளே யன்னல் சாத்தியிருந்தது. கட்டிலில் கைருன்னிஸா ஒருபக்கம் சரிந்து கிடந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கொன்ஸ்ரன்ஸ் கையைத் தொட்டாள். குளிர்ந்து, நனைந்து கிடந்தது. புயத்தில் சின்னப் பஞ்சுத் துண்டு ஒட்டியிருந்தது, ஊசி போட்ட இடத்தில். அறையில் ஒரு தட்டோ ஒரு கோப்பையோ இல்லை.

"உம்மா! உம்மா, கண்ணத் தொறங்க! அல்லாஹ்வே, எழும்புறாங்க இல்ல!"

மூச்சு இருந்தது. இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டிய அளவுக்கு இருந்தது.

"ஸ்ரான்லி, அம்புலன்ஸுக்கு எடு! சீனி இறங்கியிருக்குது எண்டு சொல்லு!"

அவன் போனில் கத்தினான். மறுபக்கத்தில் சொன்னதைக் கேட்டு, "வாயிலே ஒண்டும் ஊத்தவேண்டாமாம், ஒருக்களிச்சு வைக்கட்டாம், வந்துகொண்டிருக்கினமாம்" என்றான். பஹ்மியாவும் கொன்ஸ்ரன்ஸுமாகப் பிடித்துத் திருப்பினார்கள். எடையே இல்லை.

சாமினி கதவுநிலையில் நின்று நிதானமாகத்தான் பேசினாள்.

"ஒருத்தரும் பதறவேண்டாம். வயசான ஆக்களுக்கு இப்பிடி வரும். காலமை ஊசி போட்டு, பிறகு கஞ்சியும் குடுத்தது. அம்புலன்ஸ்காரருக்கும் அதைத்தான் சொல்லோணும், சரியா? பிரதீப், கஞ்சி குடுத்தாய் தானே?"

"ஓம் மிஸ். குடுத்தனான்."

"குடுக்கேல்ல!"

அடுத்த அறையிலிருந்து வந்தது அந்தக் குரல். கொன்ஸ்ரன்ஸ் நிமிர்ந்தாள். கிரேன் உச்சியிலிருந்து கீழே கப்பல் தளத்துக்கே கேட்கும் குரல் அது. சின்ன வயதில் துறைமுக வாசலில் சாப்பாட்டுக் கரியரோடு நின்று அவள் கேட்ட குரல். இனிக் கேட்கமாட்டேன் என்றுதான் நினைத்திருந்தாள்.

"குடுக்கேல்ல! ஊசி மட்டும்தான் போட்டாங்க! எனக்கு எல்லாம் கேக்கும். நேத்தும் குடுக்கேல்ல, முந்தநாளும் குடுக்கேல்ல!"

"ஐயாவுக்கு மறதி..." என்று சாமினி திரும்பினாள்.

"பப்பாவுக்கு மறதி இல்லை" என்றான் ஸ்ரான்லி.

அவன் அப்பாவின் அறைக்கு ஓடினான். ஹியூபேட் கட்டில் கம்பியைப் பிடித்து, முறிந்த இடுப்போடு பாதி எழும்பியிருந்தார். முகம் வலியில் வெளிறியிருந்தது. மகன் தாங்கிப் பிடித்தான். பிரதீப் மெல்லப் படிப்பக்கம் நகர்வது திறந்த கதவு வழியே கொன்ஸ்ரன்ஸுக்குத் தெரிந்தது. கைருன்னிஸாவின் கையை விட்டுவிட்டு அவளால் போகமுடியவில்லை.

"போவம் பப்பா, இனியும் இங்க நிக்கவேண்டாம். அவங்களையும் கொண்டுபோவம், ரெண்டு பேரையும்."

ஹியூபேட் மகனின் சேர்ட்டைப் பற்றி இழுத்தார். திறந்திருந்த கதவுக்கு அப்பால், நடையின் மறுபக்கத்தில் சாத்திக் கிடந்த கதவுகளைப் பார்த்தார்.

"மற்றக் கதவுகளையும் திற, மகன்" என்றார்.